நாலு டன் கிழங்கும் ஒரு கேமிங் லேப்டாப்பும்

லேப்டாப்பின் அடிமூடியில் பதினொரு திருகுகள் இருந்தன. அருள்மொழி ஒவ்வொன்றாகக் கழற்றி, காந்தத் தட்டில் கழற்றிய வரிசையிலேயே வைத்தாள். பக்கத்தில் நின்று பார்த்த பாவாடை மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தார். ஒன்பதாவது திருகு மட்டும் மற்றதைவிடக் குட்டையாக இருந்தது. அதை இடம் மாற்றிப் போட்டால் பலகை ஓட்டையாகிவிடும் என்று அவள் சொன்னதும், எதிரே நின்ற மகள் செவ்வந்தியைப் பார்த்துத் தலையாட்டினார்.

அப்பாவும் மகளும் கரியாலூருக்கு மேலே இருக்கும் ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி, கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் இந்தக் கடைக்கு லேப்டாப் வாங்க வந்திருந்தார்கள். கடையில் விற்பதும் அருள்மொழிதான், பழுது பார்ப்பதும் அவள்தான். முதலாளி வெளியூர். போனில்தான் இருப்பார்.

"இது தூசி அடைச்சிக்கினு சர்வீஸுக்கு வந்தது," என்றாள் அருள்மொழி. "வாங்கறதுக்கு முன்னாடி உள்ள இன்னா இருக்குதுன்னு ஒரு தபா பாத்துடுங்கண்ணா. மூடி வெச்சிப் பாத்தா எல்லாம் ஒண்ணுதான்."

மூடி கழன்றது. உள்ளே கறுப்புப் பலகை, இரண்டு பக்கமும் இரண்டு காற்றாடி, நடுவில் தட்டையாக அடித்த செம்புக் குழாய் இரண்டு. பாவாடை குனிந்தார்.

"இந்தக் குழா உள்ள இன்னா இருக்குது, சொல்லுங்க பாக்கலாம்?"

"கரண்டு."

"தண்ணி."

பாவாடை விரலை இழுத்துக்கொண்டார். அருள்மொழி சிரித்தாள். இதைச் சொல்வதில் அவளுக்கு அலுப்பே வருவதில்லை. "சொட்டுக் கணக்குலதான். உள்ள இருக்கிற காத்த உறிஞ்சி எடுத்துட்டு மூடியிருப்பான். காத்து இல்லாததால கம்மி சூட்டுலயே தண்ணி கொதிச்சிடும். ஆவி இந்தக் கோடிக்கு ஓடும். இங்க காத்தாடி ஊதும். ஆறிப்போய் மறுபடி தண்ணியாவும். குழாவோட உள்பக்கம் விளக்குத் திரி மாதிரி ஒண்ணு வெச்சிருப்பான். அந்தத் தண்ணி திரி வழியா ஊறி, சூடு இருக்கிற இடத்துக்கே வந்து சேந்துடும். இது ஓடற வரிக்கும் அதும் ஓடிக்கினே இருக்கும்."

"மோட்டர் எங்க இருக்குது?"

"மோட்டரே இல்லண்ணா."

பாவாடை நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். ஓடையிலிருந்து கொல்லைக்குத் தண்ணீர் ஏற்ற அவர் வாங்கிய மோட்டார் மூன்று முறை காயில் கருகிப்போயிருந்தது. இங்கே உள்ளங்கை நீளக் குழாய்க்குள் தண்ணீர் தானாகப் போய்த் தானாக வருகிறது.

"இத நம்ம ஓடையில வெக்க முடியாதாம்மா?"

"ப்பா," என்றாள் செவ்வந்தி. "மொதல்ல நம்ம வேலயப் பாரு."

அவள் வேலை இதுதான். டிப்ளமோ முடித்துவிட்டு, மலை ஊரில் சிக்னல் கிடைக்கும் பாறை மேல் உட்கார்ந்து, கட்டப்போகும் வீட்டைக் கட்டியதுபோலவே படமாக்கக் கற்றிருந்தாள். கல்லூரியின் பழைய கணினியில் செய்த நாலு படத்தைப் பார்த்துச் சென்னைக் கம்பெனி ஒன்று பதில் போட்டிருந்தது. வீட்டிலிருந்தே வேலை. மாதம் பதினெட்டாயிரம். லேப்டாப் மட்டும் அவளே கொண்டுவர வேண்டும். அவர்கள் ஒரு பரீட்சைக் கோப்பு அனுப்புவார்கள். அதை அவளுடைய சொந்த லேப்டாப்பில் ஓட்டி, வரும் படத்தை ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். ஓட்டிய மெஷினின் நம்பரும் படத்தோடு போய்விடும். பிறகு வேலையும் அதே மெஷினில்தான். இன்று வியாழக்கிழமை.

"இந்த வேலைக்கு கேம் ஆடற லேப்டாப்தான் தோதுப்படும்," என்றாள் அருள்மொழி. "கேம்ல ஒருத்தன் ஓடறான்னா அவன் நிழலும் கூட ஓடணும் இல்ல? அந்த நிழலு, வெளிச்சம், எல்லாத்துக்கும் கணக்குப் போடறதுக்குன்னே தனியா ஒரு சில்லு வெச்சிருப்பான். கிராஃபிக்ஸ் கார்டு. வூட்டுப் படமும் வெளிச்சக் கணக்குதான்."

"வெளிச்சத்துக்கு இன்னா கணக்கு?"

செவ்வந்தி முந்திக்கொண்டாள். "படத்துல ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு அது பின்னாலயே போய்ப் பாக்கும்ப்பா. கண்ணாடியில பட்டுச்சா, செவுத்துல பட்டுச்சா, ஜன்னல் வழியா உள்ள வந்துச்சான்னு. ஆடு காணாமப் போனா நீ குளம்படி பாத்துக்கினே பின்னால போவ இல்ல, அந்த மாதிரி."

"எத்தினி புள்ளி?"

"இருவது லட்சம்."

இருபது லட்சம் ஆட்டையும் தேடிப்போய்த் திரும்புகிற ஒன்றைப் பாவாடை மனசில் நிறுத்திப் பார்க்க முயன்றார்.

அருள்மொழி மேஜை மேல் மூன்று லேப்டாப்களை வைத்தாள். ஐம்பத்து நாலாயிரத்தில் ஒன்று. அறுபத்து மூவாயிரத்தில் மெல்லிசாக, வெள்ளி நிறத்தில் ஒன்று. அறுபத்தாறாயிரத்தில் கறுப்பாக, தடிமனாக ஒன்று. பாவாடை சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் ஏந்தி, கண்ணை மூடி, மேலும் கீழுமாக அசைத்தார்.

"ப்பா, பூசணிக்காயா வாங்க வந்தோம்?"

"இதான்," என்றார் பாவாடை, தடித்த கறுப்பைக் காட்டி. "வெயிட்டு ஜாஸ்தி."

செவ்வந்திக்குக் கூச்சமாகிவிட்டது. அருள்மொழி சிரிக்கவில்லை. "எப்டிண்ணா சொன்னீங்க?"

"மரவள்ளிக் கிழங்கு அப்டித்தாம்மா. ரெண்டு கிழங்கு ஒரே அளவுல இருக்கும். ஒண்ணுல மாவு இருக்கும், ஒண்ணுல தண்ணி இருக்கும். தூக்கினா கை சொல்லிடும்."

"சரியாத்தான் சொல்லியிருக்குது உங்க கை." வெள்ளியையும் கறுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் தள்ளினாள். "ரெண்டுலயும் ஒரே பேர்ல கார்டு. ஸ்டிக்கரும் ஒண்ணுதான். ஆனா இந்த வெள்ளைக்காரன் அதுக்கு அம்பது வாட்டுதான் குடுக்கறான். கறுப்பு தொண்ணூறு. ஜாஸ்தி கரண்டு குடுத்தா ஜாஸ்தி சூடு. ஜாஸ்தி சூடு வந்தா ஜாஸ்தி செம்பு வேணும். அதான் வெயிட்டு."

"ஒரே வவுத்துல பொறந்த ரெண்டு பேர்ல ஒருத்தனுக்கு அரைக் கஞ்சி ஊத்தற மாதிரி."

"அதேதான். பேரப் பாத்து வாங்கறவங்க எல்லாம் இங்கதான் ஏமாறுவாங்க."

"அப்ப அம்பத்தி நாலு?"

"அதுல கார்டோட மெமரி நாலு ஜிபி. கறுப்புல ஆறு. பெரிய வூட்டுப் படம்னா நாலுல அடங்காது. அடங்கலன்னா கார்டு கையத் தூக்கிடும், சிபியூன்னு பழைய கணக்குப்பிள்ளை ஒருத்தன் இருக்கான், அவன் தலையில வேல விழும். கார்டுங்கறது ரெண்டாயிரம் பேரு சேந்து கிழங்கு புடுங்கற மாதிரி. அவன்கிட்ட எட்டே பேரு. நல்லாப் புடுங்குவாங்க, ஆனா எட்டு பேருதான்." அவள் கறுப்பின் அடியைக் காட்டினாள். "இதுல சாதா மெமரிக்கு ஒரு குழி காலியா இருக்குது. அத அப்பறமா வாங்கிச் சொருவிக்கலாம். கார்டோட மெமரி அப்டி இல்ல, பலகையோட சேத்து பத்தவெச்சது. வாங்கற அன்னிக்கு இன்னா இருக்குதோ அதான் கடைசி வரிக்கும்."

பாவாடை தலையசைத்தார். "எரு அப்பறமா போட்டுக்கலாம். மண்ண அப்பறமா வாங்கிப் போட முடியாது."

அருள்மொழி இதையே மூன்று வருஷமாக ஒவ்வொருவருக்கும் சொல்லிவந்தாள். இவ்வளவு சின்னதாக யாரும் திருப்பிச் சொன்னதில்லை.

பிறகு கறுப்பைப் போட்டு, கடையில் இருந்த மாதிரி வீடு ஒன்றை ஓட்டினாள். காற்றாடி எழும்பியது. படம் கீழிருந்து மேலாகக் கட்டம் கட்டமாக வந்தது. மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி. நம்பர் வரும் நேரத்தில் பாவாடை தன்னை அறியாமல் இரண்டடி பின்னால் போய் நின்றார்.

"ஏன் தள்ளிப் போறீங்க? கிட்ட வந்து பாருங்கண்ணா. வாங்கறவரு நீங்க."

"பழக்கம்மா. ஜவ்வரிசி மில்லுல பாயிண்டு பாக்கறப்ப நாங்க கோட்டுக்கு அந்தாண்டதான் நிக்கணும்."

"இன்னா பாயிண்டு?"

இப்போது சொல்வது அவர் முறை. கையைத் தராசாக்கிக் காட்டினார். "லோடுல இருந்து அஞ்சு கிலோ கிழங்க எடுத்து கூடையில போட்டு, கூடையோட தண்ணித் தொட்டியில முக்குவாங்க. தண்ணியில எல்லாம் வெயிட்டு கொறஞ்சிடும் இல்லியா? மாவு தண்ணியவிட கனம். மாவு ஜாஸ்தி இருக்கிற கிழங்கு தண்ணி உள்ளயும் இழுத்துக்கினு நிக்கும். சொத்தக் கிழங்கு மெதக்கப் பாக்கும். அந்த இழுப்புதான் பாயிண்டு. கிழங்க வெட்டவே வேணாம், உள்ள எவ்ளோ மாவுன்னு முள்ளு சொல்லிடும்."

"வெட்டாமலேவா? தண்ணியில முக்கியே?" அருள்மொழி திருகுப்புளியைக் கீழே வைத்துவிட்டாள். "இத யாருண்ணா கண்டுபுடிச்சது?"

"தெரியல. நல்ல மூளக்காரன்."

"உங்களுது எவ்ளோ வரும்?"

"இந்த வருஷம் இருவத்தெட்டு வரும். ஒடச்சாலே சொல்லும்."

செவ்வந்தி கணக்கை ஏற்கெனவே போட்டிருந்தாள். வீட்டில் இருப்பது நாற்பத்து மூவாயிரம். ஆடு விற்றது, அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்தது. தவணையில் வாங்கலாமென்றால் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள். லேப்டாப் வந்தால்தான் சம்பளமே வரும். ஆனால் கொல்லையில் நாலு டன் கிழங்கு நிற்கிறது. ஒரு பாயிண்டுக்கு டன்னுக்கு இருநூற்றைம்பது. நாலு டன்னுக்கு ஒரு பாயிண்ட் என்பது ஆயிரம் ரூபாய். இருபத்தெட்டு வந்தால் இருபத்தெட்டாயிரம். லாரி, கூலி ஐயாயிரம் போக மீதி இருபத்து மூவாயிரம். கறுப்பு லேப்டாப்புக்குச் சரியாக அதுதான் குறைந்தது.

"ஞாயித்துக்கெழம காலையில வரோம்க்கா. அத மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க."

அருள்மொழி கறுப்பை எடுத்து உள் அலமாரியில் வைத்தாள்.

சனிக்கிழமை விடியலில் கொல்லையில் இறங்கி, சாயங்காலத்துக்குள் கிழங்கைப் பிடுங்கி ஏற்றினார்கள். சின்னசேலம் பக்கத்து மில்லில் இவர்களுக்கு முன்னால் பதினாலு வண்டி நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத்தான் இவர்கள் முறை வந்தது. லாரி ஓட்டி வந்த ராசு, ஸ்டியரிங் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பாயிண்ட் பார்க்கும் அறை இடுப்புக்கு மேல் கொஞ்சம் உயரமான சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. தராசு உத்தரத்திலிருந்து தொங்கியது. அதன் முகம் உள்பக்கம். விற்க வந்தவர்களுக்குத் தெரிவது அதன் முதுகுத் தகடும் இரண்டு ஆணியும்தான். தரையில் மஞ்சள் கோடு. பாயிண்ட் பார்ப்பவன் இளமாறனுக்கு முப்பது வயது இருக்கும்.

"இன்னா பாவாடை, குடும்பத்தோட வந்திருக்க?"

"பொண்ணு தம்பி. கூட வரேன்னு வந்துச்சு."

பாவாடை ஒரு கிழங்கை எடுத்து ஒடித்தார். சத்தம் சுள்ளி முறிவதுபோல் கேட்டது. பின்னால் நின்ற லாரிக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். முறிந்த இடம் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவு நகத்திலேயே ஒட்டிக்கொண்டது.

கூடை தொட்டிக்குள் இறங்கியது. சங்கிலி விறைத்து நின்றது. பாவாடை கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார்.

"இருவத்திமூணு!" என்று கத்தினான் இளமாறன்.

பாவாடை அசையவில்லை. செவ்வந்தி அசைந்தாள். கோட்டைத் தாண்டிச் சுவரோரம் போய், போன் பிடித்த கையைச் சுவருக்கு மேலே நீட்டி, தராசின் முகத்துக்கு நேராகத் திருப்பி ஒரு படம் எடுத்தாள். இளமாறன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கை இறங்கிவிட்டது.

"சார், இருவத்தெட்டுன்னு காட்டுது."

"எங்க, குடு." அவன் போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். கோபப்படவில்லை. "படம் நல்லா வந்திருக்குதே. இன்னா போனு இது?"

"இருவத்தெட்டு சார்."

"ஆமா, முள்ளு இருவத்தெட்டுதான் காட்டுது. மண்ணுக்கு, காம்புக்கு, ஈரத்துக்கு அஞ்சு போவும். எல்லாருக்கும் அப்டித்தான்."

"தண்ணியில முக்கி எடுத்துட்டு ஈரம்னு கழிச்சா எப்டி சார்?"

லாரிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். இளமாறனும் கொஞ்சம் சிரித்தான். பிறகு போனை அவளிடம் கொடுத்து, பேனாவை எடுத்தான். "வேணாம்னா ஏத்திக்கினு போங்க. அடுத்த மில்லுலயும் இருவது வண்டி நிக்குது. நாளைக்கு உள்ள கறுத்துப்போச்சுன்னா பதினஞ்சுக்கும் எவனும் வாங்க மாட்டான். எழுதட்டா, வேணாமா?"

பிடுங்கிய கிழங்கு இரண்டு நாள் தாங்காது. உள்ளே நீலமாக நரம்பு ஓட ஆரம்பித்துவிடும். அது பாவாடைக்கும் தெரியும், இளமாறனுக்கும் தெரியும்.

"எழுதிக்குங்க தம்பி."

லோடு சரிந்து இறங்கும்போது அவர் மகள் பக்கத்தில் வந்து நின்றார். "அந்தப் படத்தக் காட்டு."

செவ்வந்தி காட்டினாள். அவர் போனை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். இந்த மில்லுக்கு இருபத்திரண்டு வருஷமாகக் கிழங்கு போடுகிறார். தராசின் முகத்தை இப்போதுதான் பார்க்கிறார். கறுப்புத் தட்டில் வெள்ளை எழுத்து இருக்கும் என்று எப்போதும் நினைத்திருந்தார். வெள்ளைத் தட்டில் நீல எழுத்து. முள் மெல்லிசாக, சிவப்பாக, இருபத்தெட்டின் மேலேயே நின்றது.

"இம்மாந் துல்லியமா காட்டுது," என்றார்.

கடைக்கு வந்து சேர ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. அருள்மொழி கறுப்பை எடுத்து மேஜை மேல் தயாராக வைத்திருந்தாள். செவ்வந்தி பணத்தையும் மில் சீட்டையும் போனையும் அதன் பக்கத்தில் வைத்தாள். அருள்மொழி படத்தைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். அப்புறம் முதலாளிக்குப் போன் போட்டாள்.

"அஞ்சாயிரம்தான் சார் கம்மியா இருக்குது... தெரிஞ்சவங்கதான் சார்... இல்ல சார், மலை... சரி சார்."

வைத்துவிட்டாள். பாவாடை கடை வாசலில் நின்று இரண்டு பேருக்குப் போன் போட்டார். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர் புதன்கிழமை பார்க்கலாம் என்றார்.

"அம்பத்தி நால எடுத்துக்கறேங்க்கா," என்றாள் செவ்வந்தி.

"கோப்பு நாலுல அடங்காதும்மா."

"அடங்குதான்னு ஓட்டிப் பாப்போம்."

அடங்கவில்லை. பரீட்சைக் கோப்பைத் திறந்து ஓட்டியதும் கார்டு இரண்டு நிமிடத்தில் கையைத் தூக்கிவிட்டது. அருள்மொழி வேலையை அந்த எட்டுப் பேர் பக்கம் மாற்றினாள். திரையின் கீழே மீதி நேரம் வந்தது. ஏழு மணி ஒன்பது நிமிடம். சுவர்க் கடிகாரத்தில் பத்தே கால்.

"கறுப்புல ஓட்டினா பத்தொம்பது நிமிஷம் ஆயிருக்கும்," என்று முணுமுணுத்த அருள்மொழி, சொன்னதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கொறையலாம் இல்லக்கா? சொன்னதவிட சீக்கிரம் முடியும் சில நேரம்."

"கொறையலாம்." அவள் லேப்டாப்பின் பின்பக்கத்துக்கு அடியில் இரண்டு பேனா மூடியை வைத்துத் தூக்கினாள். காற்று புக. மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பினாள். மற்ற வேலை எல்லாவற்றையும் நிறுத்தினாள். செய்யக்கூடியது எல்லாம் அவ்வளவுதான்.

கீழ் வரிசைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் புல். ஒவ்வொரு புல்லுக்கும் தனித்தனி நிழல். பிறகு கல் பாவிய பாதை, அதில் நேற்று மழை பெய்ததுபோல் ஈரம். பாவாடை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மதியம் வாங்கிவந்த தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்துவிட்டார். வாசற்படி வந்தது. கதவு வந்தது, மரத்தின் ரேகையோடு. ஒரு மணி சுமாருக்கு ஜன்னல் வந்தது. அதன் கண்ணாடியில், படத்தில் எங்குமே இல்லாத ஒரு மரம் தெரிந்தது.

"அந்த மரம் எங்க இருக்குது?"

"நம்ம முதுகுப் பக்கம்ப்பா. படத்துக்கு வெளிய. கண்ணாடி அதப் பாக்குது."

அவர் தன்னை அறியாமல் ஒரு முறை திரும்பிப் பின்னால் பார்த்தார். அருள்மொழி சிரித்தாள். செவ்வந்தியும் அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

மூன்று மணிக்கு மீதி இரண்டு மணி இருபத்தெட்டு நிமிடம் என்றது. நாலு மணிக்கு ஒரு மணி இருபத்தாறு. நாலரைக்குச் செவ்வந்தி அனுப்பும் பக்கத்தைப் போனில் திறந்து வைத்திருந்தாள். மாடிச் சுவர் முழுசாக வந்துவிட்டது. சாயங்கால வெயில் அதில் சாய்ந்து விழுந்து, கம்பியின் நிழலைக் கோடு கோடாகப் போட்டிருந்தது. கைப்பிடியில் யாரோ காயப்போட்ட துண்டு. துண்டின் ஓரத்து நூல்கூடத் தெரிந்தது. அதற்கு மேலே வெறும் சாம்பல் கட்டங்கள்.

ஐந்து மணிக்குப் போன் திரை ஒரு தரம் வெளுத்தது. படம் ஏற்றும் பொத்தான் இருந்த இடத்தில் ஒரு வரி வந்திருந்தது. செவ்வந்தி அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அருள்மொழியின் கை லேப்டாப்பை நிறுத்தப் போனது. பாவாடை, "இரும்மா," என்றார்.

எட்டுப் பேரும் வேலையை நிறுத்தியிருக்கவில்லை. காற்றாடி ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. மாடிச் சுவருக்கு மேலே, இடது ஓரத்தில், கூரையின் முதல் ஓடு வந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டாவது.